மந்திரப் பள்ளியில் ஒரு ரகசிய இசைக்குழு: விக்டோரியா கால இங்கிலாந்தில் இதற்கு உண்மையான அடித்தளம் உண்டா?

வேப்பம்பூ எழுதியது:

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து ஆர்.பி.ஜி. ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் பகடை, கதை சொல்வது நான். இந்த முறை களம் 1890-களின் இங்கிலாந்து. ஊருக்கு வெளியே ஓர் உறைவிட மந்திரப் பள்ளி. அங்கே இரவில், ஆசிரியர்களுக்குத் தெரியாமல் கூடி இசைக்கும் ஒரு மாணவர் சங்கம். ஆடுகிற ஐந்து பேரும் அதன் உறுப்பினர்கள்.

முதல் அமர்வு நன்றாகப் போனது. இரண்டாவதில் ஒருத்தி கேட்டாள்: "பாட்டுப் பாடுவதை எதற்கு ஒளித்துச் செய்யவேண்டும்? பிடிபட்டால் என்ன ஆகும்?" என்னிடம் பதில் இல்லை. தலைமையாசிரியர் தடை போட்டிருக்கிறார் என்று சமாளித்தேன். சொல்லும்போதே எனக்கு ஒட்டவில்லை. தடைக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காலத்து மனிதர்கள் உண்மையிலேயே நம்பிய காரணமாக அது இருக்கவேண்டும். அப்புறம், இசை அந்தப் பள்ளியில் என்ன மந்திரம் செய்யும் என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வானவில் பறக்கிறது, சிலை எழுந்து நடக்கிறது என்று எதையாவது சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

இங்கே வரலாறு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் கைகொடுங்கள்.

கல்தூண் எழுதியது:

தம்பி, மந்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நிஜப் பள்ளிகளிலேயே உங்கள் காரணம் இருக்கிறது.

ஆங்கிலேய மேட்டுக்குடிப் பையன்கள் படித்த பெரிய உறைவிடப் பள்ளிகளில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இசைக்குப் பாடவேளையில் இடம் இல்லாததே வழக்கம். லத்தீன், கிரேக்கம், அதற்குமேல் கிரிக்கெட். இசை என்பது பெண்கள் வரவேற்பறையில் செய்வது, அல்லது கூலிக்கு வாசிக்கிற வெளிநாட்டுக்காரன் செய்வது. கனவானாக வளரவேண்டிய பையன் அதில் நேரத்தைப் போக்கக்கூடாது என்கிற எண்ணம்.

ஹாரோ பள்ளியின் கதையைப் பாருங்கள். ஜான் ஃபார்மர் என்கிற இசைக்காரர் 1862-இல் அங்கே வருகிறார். பள்ளி அவரை ஆசிரியராக எடுக்கவில்லை. பள்ளியோடு அதிகாரபூர்வமாக ஒட்டாத ஒரு சிறு இசைச் சங்கம் இருந்தது, அதற்குப் பயிற்சியாளராகத்தான் வருகிறார். அதுவும் பியானோ கற்றுத்தரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு! பள்ளிக்குள்ளே இருந்தும் பள்ளிக்கு வெளியே இருக்கிற ஒரு சங்கம், கை கட்டப்பட்ட ஓர் ஆசிரியர். இரண்டு வருடம் அப்படியே ஓட்டுகிறார். அதன்பிறகுதான் பள்ளி அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. 1872-இல் எட்வர்ட் போவன் என்கிற ஆசிரியர் வரிகள் எழுத, ஃபார்மர் மெட்டமைத்த பாட்டு இன்றைக்கும் ஹாரோவின் அடையாளப் பாட்டு. பத்தே வருடத்தில் வாசலுக்கு வெளியே நின்ற இசை, பள்ளிக்கே முகமாகிவிட்டது.

எல்லாப் பள்ளியும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பிங்காம் பள்ளியில் எட்வர்ட் திரிங் என்கிற தலைமையாசிரியர் 1865-இல் பால் டேவிட்டை இசையாசிரியராக அமர்த்தினார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் மெண்டல்சனின் நெருங்கிய நண்பராக இருந்த வயலின் மேதை ஃபெர்டினாண்ட் டேவிட்டின் மகன் அவர். திரிங்கின் மனைவி ஜெர்மன்காரர் என்பதும் இதில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றும்.

ஆக, உங்கள் தலைமையாசிரியர் தடை போடவே வேண்டாம். இசை அவர் கண்ணில் படவே படாத ஒன்றாக இருந்தால் போதும். அறை கிடையாது, நேரம் கிடையாது, கருவி வாங்கப் பணம் கிடையாது. மாணவர்கள் இருட்டில் கூடுவதற்கு அதுவே காரணம்.

மழைக்குருவி எழுதியது:

கல்தூண் அண்ணா சொன்னது பையன்களின் பக்கம். பெண்களுக்கு இது தலைகீழ். அவர்களுக்கு இசை தெரிந்தே ஆகவேண்டும், ஆனால் பியானோவும் வாய்ப்பாட்டும் மட்டும். வயலின் கூடாது. தாடையை இடுக்கிக்கொண்டு, கழுத்தை வளைத்து, கையை வீசி இழுப்பது ஒரு பெண்ணுக்கு அழகில்லை என்று அன்றைக்குப் பலர் உறுதியாக நம்பினார்கள். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் தொடங்கியது 1822-இல். அங்கே முதல்முதலாக ஒரு பெண் வயலின் மாணவியாகச் சேர முடிந்தது 1872-இல். ஐம்பது வருடம்!

வில்மா நெருடா போன்ற ஒரு வயலின் கலைஞர் மேடையேறி எல்லோரையும் வாயடைக்க வைத்த பிறகுதான் மனசு இளகியது. ஈதல் ஸ்மித் என்கிற இசையமைப்பாளர் லைப்சிக்குக்குப் போய்ப் படிக்க அப்பா விடவில்லை என்பதற்காகத் தன் அறைக்குள் பூட்டிக்கொண்டு போராடினார். 1877-இல் போயும் சேர்ந்தார்.

வேப்பம்பூ, உங்கள் குழுவில் ஒரு பெண் பாத்திரத்திடம் ஒரு வயலினைக் கொடுங்கள். அவள் பெட்டியைப் படுக்கைக்கு அடியில் தள்ளி வைக்கும் இடத்திலேயே கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

வேப்பம்பூ எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. கேள்வி கேட்டவளின் பாத்திரமே ஒரு பெண்தான். அவளுக்கே வயலினைக் கொடுத்துவிடுகிறேன். பியானோ கற்றுத்தரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்த ஓர் ஆசிரியரையும் உள்ளே கொண்டுவருகிறேன். அந்த விவரம் ஒன்றே ஒரு முழு அமர்வுக்குத் தாங்கும்.

இனி மந்திரம். அங்கே இசை என்ன செய்யும்?

சோதனைச்சாலை எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியர். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கிறது. விக்டோரியா காலத்தில் ஒலியைக் கொண்டு செய்துகாட்டிய சோதனைகளைப் படித்தால், தனியாக மந்திரம் கண்டுபிடிக்கவேண்டிய தேவையே உங்களுக்கு வராது.

முதலில் ஆடும் சுடர். 1858-இல் அமெரிக்காவில் ஜான் லெகான்ட் என்கிற அறிவியலாளர் ஒரு வீட்டில் நடந்த இசை நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார். சுவரில் எரிவாயு விளக்கு. செல்லோ வாசிக்க வாசிக்க, அந்தச் சுடர் அதன் சுரங்களுக்கு ஏற்றபடி துடித்ததைப் பார்த்தார். காது கேளாத ஒருவர்கூட அந்த இசையைக் கண்ணால் பார்த்திருக்க முடியும் என்று எழுதிவைத்தார். பிறகு லண்டனில் ஜான் டின்டல் என்கிற இயற்பியலாளர் இதை எடுத்து வளர்த்தார். எரிவாயுவின் அழுத்தத்தைச் சரியான அளவுக்கு ஏற்றி வைத்தால், 24 அங்குல உயரத்துக்கு எரிகிற ஒல்லிச் சுடர், தூரத்தில் ஒரு பட்டறைக்கல்லை லேசாகத் தட்டினாலே 7 அங்குலத்துக்குச் சட்டென்று குன்றிவிடும். சாவிக்கொத்தை அசைத்தாலும் அடங்கும். பட்டுப்பாவாடை சரசரத்தாலும் அடங்கும். சுடரின் முன்னால் கவிதை வாசித்துக் காட்டினார் டின்டல். சில ஒலிகளுக்குச் சுடர் அசையவில்லை. "ஸ்" வந்த இடத்தில் மட்டும் துள்ளியது.

இதன் சூட்சுமம் சுடரில் இல்லை, வாயு வெளியே வருகிற துளையில் இருக்கிறது. அழுத்தம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்போது வாயுத்தாரை நூலிழையில் அமைதியாக நிற்கிறது. மேல்சுருதி ஒலி அந்தத் துளையருகே இடறினால் போதும், தாரை கலைந்து, சுடர் குட்டையாகி இரைகிறது.

யோசித்துப் பாருங்கள். இரவில் ஒளிந்து கூடும் சங்கத்துக்கு இதைவிட நல்ல காவலாளி உண்டா? நடைவழியில் சாவிக்கொத்தோடு வார்டன் வருகிறார். ஒருவர் காதிலும் விழவில்லை. சுடர் குன்றுகிறது.

அடுத்தது சார்ல்ஸ் வீட்ஸ்டன். 1821-இல், 19 வயதில், லண்டனில் ஒரு காட்சி வைத்தார். கூரையிலிருந்து ஒரு கம்பியில் யாழ் போன்ற கருவி தொங்கும். யாரும் தொடமாட்டார்கள். அது தானாக இசைக்கும். மேல்மாடியில் பியானோவும் ஹார்ப்பும் ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றின் அதிர்வு அந்தக் கம்பி வழியாக இறங்கி வருகிறது என்பது கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. கான்செர்டினா கருவியை உருவாக்கியவரும் இதே மனிதர்தான். போர்க்காலங்களில் பயன்பட்ட 'பிளேஃபேர்' சங்கேத முறையை 1854-இல் வடிவமைத்தவரும் இவரே. இசையும் ரகசியமும் ஒரே தலைக்குள் குடியிருந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி. மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ், வேல்ஸ் நாட்டுப் பாடகி. 1885-இல் தன் குரலின் வலிமையை அளக்க ஒரு கருவி செய்தார்: ஒரு குழாய், அதன் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர் சவ்வு, அதன்மேல் தூவிய பொடி. குழாய்க்குள் ஒரு சுரத்தை நிறுத்திப் பாடினால், பொடி நகர்ந்து கோலமாக அமைவதைப் பார்த்தார். முதலில் வட்டங்கள், கோணங்கள். ஈரமான வண்ணக் குழம்பை வைத்துப் பாடப் பழகியபோது பூவிதழ்களும் பெரணி இலைகளும் வந்தன. குரலை எவ்வளவு நிதானமாக நிறுத்துகிறாரோ அவ்வளவு தெளிவாகப் பூ மலரும். லண்டன் ராயல் சொசைட்டியில் தன் கருவியை வைத்துக் காட்டிய முதல் பெண் அவர். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திவந்தவரும்கூட.

ஒருமுறை என் வகுப்பில் ஒரு கிண்ணத்தின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, ரவையைத் தூவி, பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பாடச் சொன்னேன். பள்ளியில் வாயே திறக்காத ஒரு பெண் "ஆ" என்று ஒரு நீண்ட சுரம் பிடித்தாள். ரவை இரண்டு வளையமாகப் பிரிந்து நின்றது. வகுப்பே மூச்சுவிடவில்லை. அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

கரிசல் எழுதியது:

சோதனைச்சாலை ஐயா, அருமை. ஆனால் ஒரு மறுப்பு. நீங்கள் சொன்னது எல்லாம் அறிவியல். வேப்பம்பூ கேட்பது மந்திரப் பள்ளி. விக்டோரியா காலத்தில் மந்திரத்தைப் பாடத்திட்டம் வைத்து, தேர்வு வைத்துச் சொல்லிக்கொடுத்த ஓர் இடம் உண்மையிலேயே இருந்தது. அதைவிட்டு எங்கே போகிறோம்?

1888-இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' சங்கம். தொடங்கிய மூவரில் வெஸ்ட்காட் லண்டனில் மரண விசாரணை அதிகாரி, உட்மன் மருத்துவர், மூன்றாமவர் மேத்தர்ஸ். ஆண், பெண் இருபாலரையும் சமமாகச் சேர்த்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். உள்ளே வந்தால் படிநிலைகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் பாடக்குறிப்புகளைக் கையால் நகலெடுத்துப் படிக்கவேண்டும்: எபிரேய எழுத்துகள், ராசிகள், கிரகங்கள், டாரட் சீட்டுகளின் பொருள். தேர்வில் தேறினால்தான் அடுத்த படி. ஆளுக்கொரு லத்தீன் பெயர், அதற்கும் முதலெழுத்துச் சுருக்கம்.

இசைக்கும் இங்கே இடம் உண்டு. தெய்வப் பெயர்களை வெறுமனே சொன்னால் பயன் இல்லை. மூச்சை நிறைத்து, நெஞ்சும் உடலும் அதிர, எழுத்தெழுத்தாக நீட்டி ஒலிக்கவேண்டும். உறுப்பினர்கள் இதைத் தனிப் பயிற்சியாகவே செய்தார்கள். நம்மூரில் பீஜ மந்திரம் சொல்லிப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.

கல்தூண் எழுதியது:

கரிசல், அந்தச் சங்கத்தின் தொடக்கமே புனைவு என்பதையும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் இருக்கும் அன்னா ஸ்ப்ரெங்கல் என்கிற அம்மையார் கடிதம் மூலம் அனுமதி தந்தார் என்று வெஸ்ட்காட் சொன்னார். அந்தக் கடிதங்கள் போலி என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. பொய்யில் நட்ட மரம். அதை ஒரு பள்ளிக்கு முன்மாதிரியாக வைப்பது சரியா?

கரிசல் எழுதியது:

சொன்னது சரி அண்ணா, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தேடியது பொய் இல்லை. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1890-இல் சேர்ந்தார். அவர் வருடக்கணக்காக அந்தப் பாடங்களைப் படித்தார், தேர்வு எழுதினார். அவர்களுடைய உழைப்பும் ஏக்கமும் உண்மை. ஒரு கடிதம் போலி என்பதால் பத்து வருடம் இரவில் கண்விழித்துப் படித்தவர்களின் படிப்பு இல்லாமல் போகாது.

வேப்பம்பூவின் கதைக்கு நேராகப் பொருந்துகிற ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த ரகசியச் சங்கத்துக்குள்ளேயே இன்னொரு ரகசியக் குழு இருந்தது. ஃபுளோரன்ஸ் ஃபார் என்கிற நடிகை நடத்திய 'ஸ்ஃபியர்' குழு. பன்னிரண்டு பேர். குறித்த நேரத்தில், அவரவர் வீட்டிலிருந்தபடியே, எல்லோரும் ஒரே உருவத்தை மனதில் நிறுத்தித் தியானிப்பார்கள். வெஸ்ட்காட் விலகிய பிறகு 1897-இல் லண்டன் கிளைக்கே ஃபார்தான் தலைமை. அவரே இப்படித் தனிக்குழு நடத்தியது சிலருக்குப் பிடிக்கவில்லை. கணக்கும் ஒழுங்கும் பார்க்கிற ஆனி ஹார்னிமன் எதிர்த்து நின்றார். 1901-இல் இது வெடித்தது. யேட்ஸ் ஹார்னிமன் பக்கம். சங்கம் சங்கமாகவே இருக்கவேண்டும் என்று துண்டுப்பிரசுரமே எழுதினார். வாக்கெடுப்பில் அவர்கள் பக்கம் தோற்றது.

ஒரே கேள்விதான்: ஒன்றாய்ப் படிக்கிறவர்களுக்குள் சிலர் மட்டும் தனியே கூடினால், அது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகமா? உங்கள் மாணவர் சங்கத்துக்கு எதிரி தலைமையாசிரியராக இருக்கவேண்டியதில்லை வேப்பம்பூ. பக்கத்துப் படுக்கையில் தூங்குகிற, அழைக்கப்படாத ஒரு தோழியாகவும் இருக்கலாம்.

வேப்பம்பூ எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழைக்கப்படாத தோழி. பள்ளியில் நானே அப்படி இருந்திருக்கிறேன். இது கதைக்குள் நிச்சயம் வரும்.

சின்னக் கேள்வி: இவர்கள் எப்படிச் சேதி பரிமாறிக்கொள்வார்கள்? சாதாரண சங்கேத எழுத்து வேண்டாம், இசையாகவே வேண்டும்.

மழைக்குருவி எழுதியது:

டானிக் சோல்ஃபா. நாரிட்ச் ஊரில் சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வன் என்கிற பாதிரியார் நாடெங்கும் பரப்பிய முறை. ஐந்துகோட்டுச் சுரலிபி வேண்டாம். நம் ச ரி க ம போல வெறும் எழுத்துகளாக எழுதிவிடலாம். அச்சடிக்க மலிவு, ஏழைப் பிள்ளைகளும் கற்றார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையும் உண்டு. மூடிய கை 'டோ', மேல்நோக்கிய சுட்டுவிரல் 'டீ'. சாப்பாட்டு மேசையில் வாய் திறக்காமல் ஒருவர் ஒரு மெட்டையே கையால் சொல்லிவிடலாம்.

இன்னும் வேண்டுமென்றால் சோல்ரெசோல். ஃபிரான்சுவா சூத்ர் என்கிற பிரெஞ்சுக்காரர் ஏழு சுரங்களை மட்டும் வைத்து ஒரு முழு மொழியே செய்தார். பேசலாம், வாசிக்கலாம், வண்ணங்களால்கூடக் காட்டலாம். அவர் இறந்தபிறகு 1866-இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் எதிர்ப்பொருள் வந்துவிடும். வயலின்காரி வாசிக்கிற மெட்டு "வா". அதையே பின்னிருந்து வாசித்தால் "வராதே" என்று நீங்கள் ஒரு விதி வைக்கலாம்.

கல்தூண் எழுதியது:

சங்கத்தின் சடங்குக்கு: கேம்பிரிட்ஜில் 1820-இல் தொடங்கிய 'அப்போஸ்தலர்கள்' என்கிற மாணவர் ரகசியக் குழு. சனிக்கிழமை இரவு கூட்டம், ஒருவர் கட்டுரை வாசிக்க மற்றவர்கள் வாதம். பழைய கட்டுரைகள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும், அதற்குப் பெயர் 'பேழை'. சேர்க்கலாமா என்று பார்க்கப்படுகிறவர் 'கரு'. படிப்பு முடித்து விலகியவர் 'தேவதூதர்'. டோஸ்டில் வைத்த மத்தி மீனுக்குத் 'திமிங்கலம்' என்று பெயர் வைத்துத் தின்பார்கள். மாணவர்கள் மாணவர்களாக இருந்ததற்கு இதெல்லாம் சாட்சி.

மழைக்குருவி எழுதியது:

ஃபுளோரன்ஸ் ஃபார் பெயர் வந்ததால் நான் விடமாட்டேன். அவர் இசைக்காரியும்கூட.

1860-இல் பிறந்தார். அப்பா வில்லியம் ஃபார், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புக் கணக்குகளை ஒழுங்குபடுத்திய புள்ளியியலாளர். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் நண்பர், மகளுக்குப் பெயரும் அதனால்தான். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்தார். மேடையில் நடித்தார். 1890-இல் கோல்டன் டானில் சேர்ந்தார்.

யேட்ஸுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கவிதையைப் பாட்டாக்கினால் மெட்டு சொல்லைத் தின்றுவிடுகிறது, வெறுமனே வாசித்தால் தட்டையாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, பேச்சிலேயே இருக்கிற சுருதியைப் பிடித்துச் சொல்லவேண்டும். அதைச் செய்துகாட்டக்கூடிய குரல் ஃபாரிடம்தான் இருந்தது. பழங்கருவிகளை மீட்டெடுத்த ஆர்னல்ட் டால்மெட்ச் 1901-இல் அவருக்காகவே ஒரு சால்ட்டரி செய்துகொடுத்தார். நம் சுரமண்டலத்துக்கு உறவுக்காரக் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் பேசும் குரலின் எல்லைக்குள் வரும் எல்லா அரைச்சுரங்களும் அதில் உண்டு. மடியில் வைத்து மீட்டிக்கொண்டே கவிதை சொல்வார். 1902-இல் யேட்ஸ் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1909-இல் ஃபாரே ஒரு புத்தகம் போட்டார்.

ஓதுவார் விருத்தம் பாடக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். தாளம் கிடையாது, சொல் முன்னால் நிற்கும், ராகம் பின்னால் வரும்.

வடலி எழுதியது:

இவ்வளவு நேரமும் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ஃபுளோரன்ஸ் ஃபார் பெயரைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணம். அவர் கடைசியாக வந்து வாழ்ந்தது எங்கள் ஊரில்.

சேர் பொன்னம்பலம் இராமநாதனை அவர் 1902-இல் லண்டனில் சந்தித்தார். சைவப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி தொடங்கவேண்டும் என்பது இராமநாதனின் விருப்பம். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான நல்ல உறைவிடப் பள்ளி என்றால் மிசன் பள்ளிகள்தான். உடுவில் மகளிர் கல்லூரி 1824-இலேயே வந்துவிட்டது. 1912-இல் ஃபார் இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறினார், 52 வயதில். மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913-இல் திறந்தபோது முதல் அதிபர் அவர்தான். கோல்டன் டான் கிளையை நடத்தியவர், தோசை வாசம் வரும் ஒரு பெண்கள் விடுதியை நடத்தினார். 1917 ஏப்ரலில் புற்றுநோயால் கொழும்பில் இறந்தார்.

பின்னாளில் அந்த மருதனார்மடத்திலேயே இராமநாதன் பெயரில் இசைக்கல்லூரி வந்தது, 1960-இல். மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்தவர். இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம். நான் வயலின் படித்தது அங்கேதான். பின்னேரத்தில் ஒரு அறையில் மிருதங்கம், பக்கத்து அறையில் வீணை, வெளியில் காங்கேசன்துறை வீதியில் பஸ் சத்தம். அந்த வளவில் நடக்கும்போதெல்லாம் இந்த மனுசியை நினைப்பேன். ஃபாருக்கும் அந்த இசைக்கல்லூரிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, நடுவில் 43 வருடம். ஆனாலும் நினைப்பேன்.

மழைக்குருவி எழுதியது:

வடலி அக்கா, கண் கலங்கிவிட்டது. ஃபார் இலங்கைக்குப் போனார் என்று ஒரு வரியில் படித்திருக்கிறேன். அந்த இடத்துக்கு ஒரு முகம் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

கரிசல் எழுதியது:

யேட்ஸ் 1920-இல் இறந்துபோன கோல்டன் டான் நண்பர்களை நினைத்து 'ஆல் சோல்ஸ் நைட்' என்கிற கவிதை எழுதினார். ஃபார் அதில் ஒருவர். முகத்தில் முதல் சுருக்கம் கண்டதும், அழகு போவதை யாரும் பார்க்கவேண்டாம் என்று தொலைதூரத்தில் ஒரு பள்ளியில் போய் ஒளிந்துகொண்டார் என்கிற மாதிரி எழுதியிருப்பார். கவிதை உயர்ந்த கவிதை. வேப்பம்பூ கதையின் முடிவாக இதை வைக்கலாம்: ஆசிரியை ஒருத்தி கண்காணாத தேசத்துக்குப் போய் மறைந்தாள்.

வடலி எழுதியது:

இதில் மட்டும் நான் உடன்படமாட்டேன். மன்னிக்கவேண்டும்.

கண்காணாத தேசம் என்று யாருடைய கண்ணுக்கு? அந்தக் கவிதையில் எங்கள் ஊருக்குப் பெயர் இல்லை. "கறுத்த தோல்களின் நடுவே" என்கிற பொருளில் ஒரு சொல்தான் இருக்கிறது. ஒரு பெண் பத்து வருடமாக அறிந்த ஒரு மனிதரின் அழைப்பை ஏற்று, ஒரு புதிய கல்லூரியைக் கட்டியெழுப்ப வந்திருக்கிறார். ஒளிய வருகிறவருக்குக் கல்லூரி நிர்வாகம் எதற்கு? விடுதிச் செலவும், புதிதாய் வந்த சின்னப்பிள்ளைகளின் அழுகையும், பெற்றோரின் பயமும் அவர் மேசையில்தான் வந்து விழுந்திருக்கும். அங்கே படித்து வெளியே வந்த பெண்கள் எங்கள் அம்மம்மாக்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள். யேட்ஸுக்கு அவர் மறைந்துபோனவர். எங்களுக்கு அவர் வந்து சேர்ந்தவர்.

தம்பி வேப்பம்பூ, உங்கள் கதை இங்கிலாந்தில் நடக்கிறது, அங்கேயே நடக்கட்டும். அதை யாழ்ப்பாணத்துக்கு இழுக்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் யாராவது கப்பலேறினால், அந்தக் கப்பல் போய்ச் சேருகிற இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று உங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தெரியவேண்டும்.

கரிசல் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதுதான் சரி. கவிதையை ஒரே பக்கத்திலிருந்து இவ்வளவு நாள் வாசித்திருக்கிறேன். முடிவு பற்றிய யோசனையை எடுத்துவிடுகிறேன்.

சோதனைச்சாலை எழுதியது:

வடலி அம்மா, ஒரு கேள்வி. உங்கள் வயலினில் ஒரு கம்பியை மீட்டும்போது, சுருதி சேர்ந்த பக்கத்துக் கம்பி தொடாமலே அதிருமல்லவா? வேப்பம்பூ அதைக் கதையில் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. ஒரே சுருதியில் இரண்டு கருவிகள், ஒரே அறையில். ஒன்றை மீட்டினால் மற்றது லேசாக முனகும். நிஜத்தில் கொஞ்சத் தூரத்துக்குமேல் கேட்காது. மந்திரப் பள்ளியில் அந்தத் தூரத்துக்கு எல்லை வைக்கவேண்டியதில்லை.

வடலி எழுதியது:

ஓம், அதிரும். சுருதி நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதே அப்படித்தான். கம்பியில் ஒரு சின்னக் கடதாசித் துண்டை மடித்து வைத்தால் துள்ளி விழும்.

வேப்பம்பூ எழுதியது:

நேற்று இரவு மூன்றாவது அமர்வு முடிந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சங்கம் ஆய்வுக்கூடத்தில் கூடுகிறது. நடுவில் ஒல்லிச் சுடர். வயலின்காரி வாசிக்கிறாள், மற்றவர்கள் சுடரின் மேல் கண். பியானோ கற்றுத்தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட ஆசிரியர் மூலையில் நிற்கிறார். சொல்லித்தரவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். சுடர் குன்றியது. எல்லோரும் வார்டன் என்று நினைத்து ஒளிந்தார்கள். கதவைத் திறந்தால் அழைக்கப்படாத தோழி, கையில் சாவிக்கொத்து. வார்டனிடமிருந்து திருடி வந்திருக்கிறாள், இவர்களுக்குக் கொடுப்பதற்காக.

உள்ளே விடலாமா என்று வாக்கெடுப்பு. மூன்றுக்கு இரண்டில் விட்டார்கள். எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருத்தி, முதலில் "எதற்கு ஒளிக்கவேண்டும்" என்று கேட்ட அதே பெண்.

ஆசிரியர் இந்தப் பருவம் முடிந்ததும் கப்பலேறப் போகிறார் என்பதைக் கடைசியில் சொன்னேன். போகும் ஊரின் பெயரையும் சொன்னேன், அங்கே திறக்கப்போகிற பள்ளியில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். தன் கருவியோடு சுருதி சேர்த்த இன்னொரு கருவியை அவர் மாணவர்களிடம் விட்டுப்போகிறார். அதன் கம்பியில் ஒரு மடித்த காகிதம்.

வடலி அக்கா, அடுத்த சனிக்கிழமை அந்தக் காகிதம் துள்ளும். அந்தப் பக்கத்தில் மீட்டுவது ஆசிரியராக இருக்கக்கூடாது, அங்கே படிக்கிற ஒரு பிள்ளையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு ஒரு பிள்ளை முதன்முதலில் என்ன வாசித்துப் பழகும்? சரளி வரிசையா?

வடலி எழுதியது:

சரளி வரிசைதான். மாயாமாளவகௌளை ராகம், முதலாம் காலம். மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள்.